நானூறு வெள்ளியில் அலுவலக உடுப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தேசிய சேவை முடிந்து அடுத்த மாதம் ராஃபிள்ஸ் பிளேஸில் வேலைக்குச் சேர்கிறேன். கையில் இருப்பது 400 வெள்ளி. முதலில் ஒரு கோட் வாங்கு என்கிறார் மாமா. சரியா?
(வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: மாமா கோபித்துக்கொள்ள வேண்டாம், கோட் இப்போதைக்கு வேண்டாம். எம்ஆர்டி ரயிலை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் முதுகு நனையும் ஊர் சிங்கப்பூர். பாதி நாள் அது நாற்காலியில்தான் தொங்கும். எதிரே உட்கார்பவர் கண்ணில் தினமும் படுவது சட்டைக் காலரும் பேண்டும் ஷூவும். காசு அங்கே போகட்டும்.

பேண்ட் இரண்டுக்கு 100 வெள்ளி, முழுக்கைச் சட்டை ஐந்துக்கு 150, ஷூவுக்கு 90, பெல்ட்டுக்கு 20. மிச்சம் 40 தையல்காரருக்கு. இந்த நாற்பதை ஒதுக்க மறந்தால், நல்ல சட்டையும் அண்ணன் சட்டையை மாட்டி வந்த மாதிரிதான் இருக்கும்.

பேண்ட் ஒன்று கரும்சாம்பல், ஒன்று கருநீலம். கறுப்பை இரண்டாம் வாங்கலுக்குத் தள்ளுங்கள். வெயிலில் காயக் காயப் பழுப்படிப்பது அதில்தான் முதலில் தெரியும். சட்டையில் வெள்ளை இரண்டு, இளநீலம் இரண்டு, மெல்லிய கோடு போட்டது ஒன்று. எந்தச் சட்டையும் எந்தப் பேண்டுக்கும் ஒத்துப்போகும் என்பதால் பத்து ஜோடி கிடைத்துவிடும்.

விலைச்சீட்டைப் பார்க்கும் முன் உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டைப் பாருங்கள். சட்டை முழுப் பருத்தியாகவோ, பருத்தி அதிகமாகக் கலந்ததாகவோ இருக்கட்டும். முழு பாலியஸ்டர் சட்டை கசங்காதுதான். ஆனால் வியர்வை வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துவைத்தும் முழுக்கப் போகாது. பேண்டுக்குக் கம்பளி கலந்த பாலியஸ்டர் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் விஸ்கோஸ் கலந்தது. இழுவைக்காக எலாஸ்டேன் நிறையச் சேர்த்த துணி நாள்பட முட்டியில் பை கட்டும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது முதலில் தோள். சட்டையின் தோள்தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்திலேயே முடிய வேண்டும். அதைத் தவிர மற்றதைப் பெரும்பாலும் தையல்காரர் சரிசெய்துவிடுவார். தோளில் கை வைத்தால் சட்டையையே பிரித்துத் தைக்க வேண்டிவரும், செலவு கட்டுப்படியாகாது. காலர் பட்டனைப் போட்டபின் இரண்டு விரல் நுழைந்தால் போதும். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள், சட்டை முழுக்க வெளியே வந்தால் நீளம் பற்றாது. பேண்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். நிற்கும்போது பக்கவாட்டுப் பாக்கெட் வாயைப் பிளந்தால் இடுப்புக்குக் கீழே பிடிக்கிறது என்று அர்த்தம். பின்பக்க நடுத்தையலை உள்ளே புரட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் துணி விட்டிருந்தால், எடை கூடினாலும் பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம்.

வாங்கிய பருத்தித் துணியை ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகே தேக்கா நிலைய மேல்மாடித் தையல் கடைக்கோ உங்கள் வட்டாரத்துக் கடைக்கோ கொண்டுபோங்கள். முதல் துவையலிலேயே பருத்தி சுருங்கும். முன்கூட்டியே கை நீளத்தைக் குறைத்துத் தைத்துவிட்டால் சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேல் ஏறிவிடும். சட்டை தொளதொளவென்றால் பக்கம் பிடிப்பார், அல்லது முதுகில் இரண்டு டார்ட் (துணியை உள்ளே மடித்துப் போடும் தையல்) போடுவார். அளவு கொடுக்கும்போது அலுவலகத்துக்குப் போடும் ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள், செருப்போடு போகாதீர்கள்.

கோட் பிறகு தேவைப்பட்டால் கரோசெல் இணையச் சந்தையில் பழையது தேடலாம். அங்கும் தோள்தான் முதல் விதி. மார்புப் பகுதியில் துணி சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருந்தால் உள்ளே ஒட்டிய கேன்வாஸ் பசை விட்டுவிட்டது. அதைத் திரும்ப ஒழுங்காக ஒட்டவைக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

கேள்வி: நேர்காணலுக்கென்று வாங்கிய ஷூவை இரண்டு வருடம் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். போட்டுக்கொண்டு கிளம்பினால் வழியிலேயே அடிப்பாகம் கறுப்புக் கறுப்பாக உதிர்ந்துவிட்டது. போலிப் பொருளா?
(வாசகர், ஈசூன்)

பதில்: போலி என்று சொல்லிவிட முடியாது. அது பியூ, அதாவது பாலியூரித்தேன் அடிப்பாகமாக இருந்திருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது இன்னும் விரைவு. வேடிக்கை என்னவென்றால், போட்டு நடந்த ஷூவைவிடப் பெட்டியில் பூட்டிய ஷூதான் பெரும்பாலும் உதிர்வதில் முந்திக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் அதைத் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது. அடுத்த முறை ரப்பர் அடிப்பாகம் கேட்டு வாங்குங்கள். கையில் எடுத்தால் கொஞ்சம் கனமாகவே இருக்கும். மேல்பகுதி அசல் தோலாக இருந்தால் பழையதை வீசாதீர்கள், செருப்பு தைப்பவர் புது அடி போட்டுத் தருவார். கூலியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் குர்த்தி போடலாம் என்கிறார்கள். எப்படிப்பட்டது எடுபடும்? புதுக் குர்த்தியைக் கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் போகாது என்கிறார் பாட்டி.
(வாசகி, பொங்கோல்)

பதில்: முழங்கால் அளவு, நேர்வெட்டு, முக்கால் கை, ஒரே நிறம் அல்லது பொடி அச்சு. கீழே லெகிங்ஸ் வேண்டாம், நேர்வெட்டுப் பேண்ட் போடுங்கள். அந்த ஒன்றிலேயே வீட்டு உடுப்பு அலுவலக உடுப்பாகிவிடும். தீபாவளிச் சந்தையில் மின்னுவதெல்லாம் தீபாவளிக்கே இருக்கட்டும். வாங்குமுன் குர்த்திக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் லைனிங் இல்லாமல் போட முடியாது. ஏசிக் குளிருக்குச் சாம்பல் நிறக் கார்டிகன் ஒன்றை அலுவலகத்திலேயே வைத்துவிடுங்கள்.

பாட்டியின் கல்லுப்பு ரசத்துக்கு ஆகட்டும். சாயம் போடும்போதுதான் உப்பு துணியில் சாயம் ஏற உதவும். தைத்து வந்த துணியில் நிற்காத சாயத்தை அது பிடித்து வைக்காது. முதல் மூன்று நான்கு துவையலுக்குத் தனியாக, குளிர்ந்த நீரில் அலசி, உட்புறம் வெளியே வரும்படி நிழலில் காயப்போடுங்கள்.

கேள்வி: வெள்ளைச் சட்டை அக்குளில் மஞ்சளாகிறது. குளோரின் பிளீச் ஊற்றினேன், இன்னும் மோசம்.
(வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: வியர்வையோடு டியோடரண்டில் உள்ள அலுமினியம் சேரும்போது வரும் கறை அது. குளோரின் பிளீச் அதை இன்னும் மஞ்சளாக்கும். ஆக்ஸிஜன் பிளீச் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒரு மணிநேரம் ஊறவைத்துத் துவையுங்கள். கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், சூட்டில் கறை நிலைத்துவிடும். காலையில் டியோடரண்ட் காய்ந்த பிறகு சட்டையை மாட்டுங்கள். உள்ளே போடும் பனியன் வெள்ளையாக இல்லாமல் உங்கள் தோல் நிறத்துக்கு நெருக்கமாக இருந்தால் வெள்ளைச் சட்டைக்குள் தெரியாது.