கட்டிக்குள் எத்தனை டிகிரி? கதிர்வீச்சோடு சூடு சேர்ப்பது பற்றிக் கேள்வி பதில்

நான் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் இயற்பியலாளராக வேலை பார்த்தவள். டாக்டர் இல்லை. உங்கள் வீட்டு நோயாளிக்கு இது சரிவருமா என்று சொல்வது அவருடைய டாக்டரின் வேலை. கருவி என்ன செய்கிறது, எங்கே சொதப்பும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

மேடம், அம்மாவுக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறார்கள். கூடவே சூடு கொடுத்தால் கட்டி கரையும் என்கிறார்கள். சூட்டில் புற்றுநோய் செத்துவிடுமா?

சூட்டை மட்டும் நம்ப முடியாது. இங்கே கொடுப்பது 40 முதல் 43 டிகிரி செல்சியஸ், ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடும் காய்ச்சல் அளவுதான். ஆனால் கதிரோடு சேரும்போது அது வேறு வேலை செய்கிறது. கதிர் செல்லின் டிஎன்ஏவை உடைக்கும். செல் உடனே அதை ஒட்டவைக்கப் பார்க்கும். அந்த ஒட்டு வேலைக்கு வேண்டிய புரதங்களில் ஒன்று பிஆர்சிஏ2. 41, 42 டிகிரியிலேயே அது சிதைந்துபோகிறது என்று 2011இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இன்னொன்றும் உண்டு. பெரிய கட்டியின் நடுவில் ரத்த ஓட்டம் மோசம், ஆக்சிஜன் பற்றாது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்லக் கதிருக்கு இரண்டரை, மூன்று மடங்கு டோஸ் தேவைப்படும். சூட்டுக்கு எளிதில் விழுவது அந்தச் செல்கள்தான். போதாததற்கு, மிதமான சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி ஆக்சிஜனையும் உள்ளே கொண்டுவரும்.

அக்கா, அப்போ வீட்டிலேயே வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தச் சூடு தோலைத் தாண்டி அதிக தூரம் போகாது, ரத்தம் அடித்துக்கொண்டு போய்விடும். கரண்ட் வைத்த தோல் ஏற்கெனவே நொந்திருக்கும், அதில் வெந்நீர்ப் பை வைத்தால் கொப்புளம்தான் மிச்சம்.

பிறகு எப்படித்தான் உள்ளே சூடேற்றுகிறார்கள்?

ரேடியோ அலையால். கர்ப்பப்பை வாய் போன்ற ஆழமான இடம் என்றால் இடுப்பைச் சுற்றி வளையமாக ஆன்டெனாக்கள் இருக்கும். அலைவரிசை பெரும்பாலும் 70 முதல் 120 மெகாஹெர்ட்ஸ். எல்லா அலைகளும் கட்டி இருக்கும் இடத்தில் ஒன்றுகூடும்படி சரிசெய்வார்கள். மார்புச் சுவர் மாதிரி மேலாக இருந்தால் 434 அல்லது 915 மெகாஹெர்ட்ஸ். உடம்புக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ப் பை இருக்கும். அலை உடம்புக்குள் போக வழிசெய்வதும் அதுதான், தோலைக் காப்பாற்றுவதும் அதுதான்.

சிக்கலே இனிமேல்தான். ரத்தக் குழாய்கள் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், கொழுப்பு திடீரென்று சுட ஆரம்பிக்கும். அதனால் மலக்குடல், சிறுநீர்ப்பை, பிறப்புறுப்பு வழியாக மெல்லிய வெப்பமானிகளை உள்ளே வைத்து ஒரு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெப்பமானி எட்டாத இடத்துக்கு நோயாளியின் வாய்தான் வெப்பமானி. “இங்கே சுடுது” என்றால் உடனே குறைப்பார்கள். நம் அம்மாக்கள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வார்கள். இங்கே அது ஆபத்து, வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

பலன் இருக்கிறதா, இல்லை வெறும் பேச்சா?

இருக்கிறது. 2000இல் லான்செட் இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வில் 358 பேர்; சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை வாய், மலக்குடல் கட்டிகள், எல்லாம் முற்றியவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் கட்டி முழுதாக மறைந்தது கதிர் மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம், சூடும் சேர்ந்தவர்களில் 83. மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 27 சதவீதம், 51 சதவீதம். மும்பையில் தலை, கழுத்துப் புற்றுக்குச் செய்து 2010இல் வெளியிட்ட சிறிய ஆய்விலும் (56 பேர்) முழுதாக மறைந்தது 42இலிருந்து 79 சதவீதம் அளவுக்கு ஏறியது.

அப்படியானால் ஏன் எல்லா ஊரிலும் இல்லை? 1999இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிரோடு சிஸ்பிளாட்டின் கீமோ என்பது வழக்கமாகிவிட்டது. கீமோ ஒரு பாட்டில் மருந்து, எந்த ஊரிலும் ஏற்றலாம். சூட்டுக்கு அறை, கருவி, அனுபவமுள்ள ஆட்கள் எல்லாம் வேண்டும். அதோடு 1980களில் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் மொத்தத்தில் வித்தியாசமே தெரியவில்லை. பிறகு பார்த்தால், 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகள் பலவும் சரியாகச் சூடாகவே இல்லை. அடுப்பைப் பற்றவைக்காமல் அரிசியைக் குறை சொன்ன கதை. ஆனாலும் பெயர் கெட்டுவிட்டது.

கரண்ட் மாதிரி இதையும் தினமும் வைப்பார்களா?

இல்லை, வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை. சூடு பட்ட செல் தன்னைக் காக்கச் சில புரதங்களைச் சுரந்துகொள்ளும். மறுநாளே சூடேற்றினால் அசையாது. அந்தக் காப்பு இறங்க இரண்டு மூன்று நாள் விட வேண்டும்.

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது.

அப்படியென்றால் இது அவருக்கு இல்லை. சூடேற்றும் பகுதியில் பெரிய உலோகம் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் அதேதான்.

அத்தைக்கு மார்பில் ஏற்கெனவே ரேடியேஷன் முடிந்து, அதே இடத்தில் மறுபடி வந்திருக்கிறது. பயன்படுமா?

என்னைக் கேட்டால், இதற்கு மிகப் பொருத்தமான இடமே இதுதான். இரண்டாம் முறை முழு டோஸ் கொடுக்க முடியாது. குறைந்த டோஸுக்குச் சூடு தோள் கொடுக்கும். 1996இல் மார்புப் புற்று பற்றிய ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், 306 பேர். கட்டி முழுதாக மறைந்தது 41இலிருந்து 59 சதவீதமானது. முன்பே கதிர் பட்ட இடங்களில்தான் லாபம் அதிகம். டாக்டரிடம் நீங்களே பேச்சை எடுங்கள்.

ஒரு சென்டரில் கீமோ, ரேடியேஷன் எதுவும் வேண்டாம், சூடு மட்டும் பத்து சிட்டிங் என்று பேக்கேஜ் சொல்கிறார்கள். போகலாமா?

போகாதீர்கள். நான் மேலே சொன்ன எண்கள் எல்லாம் கதிரோடு சூடு சேர்ந்தபோது வந்தவை.

கதிரோடு சேர்த்துத்தான் தருகிறோம் என்று இன்னோர் இடத்தில் சொன்னாலும் இரண்டு விஷயம் கேளுங்கள். கட்டிப் பக்கம் எத்தனை டிகிரி வருகிறது, எங்கே வைத்து அளக்கிறீர்கள்? “இத்தனை வாட் கொடுக்கிறோம்” என்பது இதற்குப் பதில் இல்லை. அப்புறம், கரண்ட் வைத்து எத்தனை மணி நேரத்துக்குள் சூடு? நெதர்லாந்தில் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் முடித்தார்கள். கரண்ட் ஒரு ஊரில் காலையில், சூடு வேறு ஊரில் மறுநாள் என்றால் பஸ் செலவுதான்.