கையுறை அணியாத ஆட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பூங்காக்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு இதை எழுதுகிறேன். 1990களின் தொடக்கத்தில் மேற்படிப்புக்காகச் சிகாகோ வந்தவன் நான். வந்த முதல் கோடையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "ஒரு ஆள் குறைகிறது, வந்து நில்" என்று என்னைப் பூங்காவுக்கு அழைத்துப்போனார். அங்கே பேஸ்பாலைப் போலவே, ஆனால் பெரிய பந்தைக் கொண்டு ஆடும் சாஃப்ட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். மதுரையில் கிரிக்கெட் ஆடிய கை என்னுடையது. அவர்கள் வெறுங்கையால் பந்தைப் பிடிப்பதைக் கண்டதும், இதை நானும் ஆடிவிட முடியும் என்று தோன்றியது. பல கோடைகள் அப்படியே கழிந்தன. தபால்காரர், பஸ் ஓட்டுநர், பள்ளிப் பையன்கள், ஓய்வுபெற்ற ஒரு தச்சர், நான் எல்லாரும் ஒரே அணியில் நின்றோம்.

இப்போது புறநகரில் வசிக்கிறேன். மகன் பேஸ்பால் ஆடுகிறான். கட்டணம், சீருடை, பயிற்சியாளர், வார இறுதியில் வேறு மாநிலத்தில் போட்டி என்று ஒழுங்காக நடக்கிறது. ஆனால் நான்கைந்து நண்பர்களோடு அவனைப் புல்வெளியில் விட்டு "ஆடுங்கள்" என்றால், எப்படித் தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சென்ற மாதம் பழைய பூங்கா வழியாகப் போனேன். ஞாயிறு மாலை. ஆடுகளம் காலியாகக் கிடந்தது.

என் மனைவி, "நீங்கள் ஏங்குவது உங்கள் இளமைக்காக, ஆட்டத்துக்காக அல்ல" என்கிறாள். அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள், இப்போது அந்தக் குணம் போய்விட்டது என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.,
சிகாகோ

அன்புள்ள கே.,

இளமைக்கான ஏக்கம் கொஞ்சமும் கலவாமல் யாரும் பழைய மைதானத்தை நினைப்பதில்லை. அந்த அளவில் உங்கள் மனைவியோடு உடன்படுகிறேன். ஆனால் சிகாகோவின் வடக்குப் பகுதியில் சில ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் இழந்ததாக உணர்வதில் பெரும்பகுதி அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதன் பந்தில் இருந்தது என்றுகூடச் சொல்லத் துணிவேன். உலகில் மற்ற இடங்களில் ஆடப்படும் சாஃப்ட்பாலும் நீங்கள் ஆடியதும் ஒன்றல்ல. இங்குள்ள வாசகர்கள் பலருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

சாஃப்ட்பால் பிறந்ததே சிகாகோவில்தான். 1887ஆம் ஆண்டு நவம்பரில், நன்றி தெரிவிக்கும் திருநாளன்று, ஃபாரகட் படகுக் கழகத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் சில இளைஞர்கள் யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி முடிவுக்காகக் காத்திருந்தார்கள். முடிவு வந்த குதூகலத்தில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவர் அதை ஒரு கோலால் அடித்தார். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையைக் கயிற்றால் பந்துபோல இறுக்கிக் கட்டி, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் களம் வரைந்து, அங்கேயே ஓர் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆடுவதற்கான பேஸ்பால் அது. அடுத்த ஆண்டே வெளியே வந்துவிட்டது. 'சாஃப்ட்பால்' என்ற பெயர் 1926இல்தான் டென்வரைச் சேர்ந்த வால்டர் ஹக்கன்சன் சொல்லி நிலைத்தது.

பிறகு நாடு முழுவதும் 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து பரவியது. அதைப் பிடிக்கக் கையுறை வேண்டும். சிகாகோ மட்டும் 16 அங்குலப் பந்தை விடவில்லை. உரித்த தேங்காயைவிடச் சற்றுப் பெரிய அந்தப் பந்தை அங்கே எல்லாரும் வெறுங்கையால்தான் பிடிப்பார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த ஆண்கள் நகரமெங்கும் இருந்தார்கள். ஆளுக்கொரு தோல் கையுறை வாங்க யாரிடமும் பணமில்லை. ஒரு பந்தும் ஒரு மட்டையும் இருந்தால் இருபது பேர் ஆடலாம் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். பெரிய பந்து அதிக தூரம் பறக்காது. ஆகவே பள்ளி முற்றம், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் மனை, சின்னப் பூங்கா எல்லாமே களமாகின. ஜன்னல் கண்ணாடிகளும் தப்பின. 1933இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின்போது லியோ ஃபிஷர் என்ற பத்திரிகையாளரும் மைக்கேல் பாலியும் தேசிய அளவில் ஒரு போட்டியை நடத்தினார்கள். அந்த ஆண்டிலேயே அமெச்சூர் சாஃப்ட்பால் சங்கமும் உருவானது. உள்ளூர் லீக்குகளைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்த காலம் அது.

பந்தின் குணத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் மற்றவர்களுக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. சிகாகோக்காரர்கள் 'கிளிஞ்சர்' என்று அழைக்கும் அந்தப் பந்து பெட்டியிலிருந்து எடுக்கும்போது கல்லாக இருக்கும். ஏழு இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் முதல் இரண்டில் அதை வெறுங்கையால் நிறுத்துவது சாதாரண வேலையல்ல. வளைந்த விரல்களைக் காட்டி, எந்த ஆண்டு, எந்தப் பூங்கா என்று கதை சொல்லும் முதியவர்களை நான் அங்கே சந்தித்திருக்கிறேன். அடி வாங்க வாங்கப் பந்து தளரும். ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸில் எவ்வளவு பலமாக அடித்தாலும் அது போக மறுக்கும். ஆட்டத்தின் தொடக்கம் தோள்வலிமை உள்ள இளைஞனுக்கு. முடிவோ, ஆளில்லாத இடத்தைப் பார்த்து மெல்லத் தட்டிவிடத் தெரிந்த ஐம்பது வயதுக்காரருக்கு. உங்கள் அணியில் பள்ளிப் பையனும் ஓய்வுபெற்ற தச்சரும் ஒன்றாக நின்றதற்கு இந்தத் தளர்ச்சியும் ஒரு காரணம். பயனற்றவர் என்று யாரையும் தள்ளிவிட அந்தப் பந்து இடம் கொடுக்கவில்லை.

கிராண்ட் பார்க்கில் அலுவலக அணிகள் ஆடும் லீக்கில் கையுறையை அனுமதித்தபோது, பத்திரிகையாளர் மைக் ராய்கோ 1977இல் பூங்கா நிர்வாகத்தின் மீது வழக்கே தொடுத்தார். தீர்ப்பும் அவருக்குச் சாதகமாகவே வந்தது. 1972இல் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர், நகராட்சி அரசியலைக் கிழித்து எழுதியவர். அவருக்கு இது நீதிமன்றம் வரை போகத்தக்க விஷயமாகத் தோன்றியதை நான் மிகவும் மதிக்கிறேன். கையுறை வந்தால் ஆட்டம் எளிதாகும் என்பதோடு போகாது, அது வாங்க முடிந்தவனுக்கு உரிய ஆட்டமாகிவிடும்.

இனி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது அந்த வரிதான்.

பூங்கா ஆட்டத்துக்கு முறையான விதி ஒன்று உண்டு: பக்கத்துக்குப் பத்துப் பேர். ஆனால் பூங்காவில் எந்த மாலையில் பத்துப் பேர் வந்தார்கள்? ஆறு பேர் வந்தால் வலது பக்கத்தை மூடிவிடுவார்கள், அந்தப் பக்கம் அடித்தால் அவுட். முதல் பேஸில், அதாவது அடித்தவன் முதலில் ஓடிச் சேர வேண்டிய இடத்தில், நிற்க ஆளில்லையா, அடித்தவன் அங்கே போய்ச் சேரும் முன் பந்து பந்தெறிபவரின் கைக்கு வந்தால் போதும், அவுட். பேஸில் நிற்பவனே அடுத்து அடிக்க வேண்டிய முறை வந்துவிட்டால், அவன் இடத்தில் ஒரு கற்பனை ஆளை நிறுத்திவிட்டு வந்து மட்டையைப் பிடிக்கலாம். அந்தக் கற்பனை ஆள் ஓடினானா இல்லையா என்பதை வாதாடித்தான் முடிவு செய்ய வேண்டும். நம் தெரு கிரிக்கெட்டில் ஆள் ஒற்றைப்படையாக வந்தால் இரு பக்கமும் ஆடும் ஒருவனை வைத்துக்கொள்வோமே, சுவர் தாண்டி அடித்தால் அவுட் என்போமே, அதே அறிவு.

இந்த விதிகளை எழுதிவைத்தவர் எவருமில்லை. நடுவரும் இல்லை. ஆகவே எல்லா விதிகளுக்கும் அடியில் ஒரே ஒரு விதி இருந்தது: யாரும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. இரண்டு பேர் போனால் அன்றைய ஆட்டமே இல்லை. அதனால்தான் பெரியவன் சின்னவனுக்கு மெல்ல எறிந்தான். அதனால்தான் தகராறு முற்றும் இடத்தில் யாராவது ஒருவர் "சரி, மறுபடி எறி" என்றார். பயிற்சியாளர் உள்ள இடத்தில் இதற்குத் தேவையே எழுவதில்லை. சிறுவன் உட்கார்ந்துவிட்டால் மாற்று ஆள் வருவான், தகராறென்றால் நடுவர் தீர்ப்பார், விதி அச்சடித்த புத்தகத்தில் இருக்கும். உங்கள் மகன் திறமை குறைந்தவனல்ல. ஆட்டத்தை உண்டாக்கும் வேலையை அவனுக்காக எப்போதும் வேறொருவர் செய்துவிடுகிறார், அவ்வளவுதான். மாதக் கட்டணம் கட்டி நாம் வாங்குவதில் பாதி அந்த வேலையைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துவிடுவதற்கான விலை என்று எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மனிதர்கள் மேலானவர்களாக இருந்தார்கள், எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உங்களை அழைத்த அண்டை வீட்டுக்காரர் நல்லவர், சந்தேகமில்லை. ஆனால் அந்த நகரத்தில் அதே பூங்காக்களின் கதை வேறாகவும் இருந்திருக்கிறது. 1919 ஜூலை 27 அன்று மிச்சிகன் ஏரியில் 29ஆம் தெருக் கரையருகே யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் மிதந்துகொண்டிருந்தான். வெள்ளையர் தமக்கென்று வைத்துக்கொண்ட, கண்ணுக்குத் தெரியாத எல்லையைத் தாண்டிவிட்டான். கரையிலிருந்து கல் எறிந்தார்கள், அவன் மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர். அதை ஆராய அமைக்கப்பட்ட குழு 1922இல் வெளியிட்ட அறிக்கையில், பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் நடந்த மோதல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எந்தத் தெருவைத் தாண்டி எந்தப் பூங்காவுக்குப் போகலாம் என்பது அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்குக் கறுப்பினச் சிறுவர்கள் கணக்கிட வேண்டிய விஷயமாகவே இருந்தது. "எங்கள் பேட்டை" என்ற இனிய சொல்லுக்குள் "உங்களுடையது அல்ல" என்பதும் மறைந்திருந்தது. நம் ஊர் மைதானங்களிலும் யார் நடுவில் ஆடினார்கள், யார் ஓரத்தில் நின்று பந்தை எடுத்துப்போட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இனிய நினைவுகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த ஓரத்தில் நின்றவனையும் சேர்த்தே நினையுங்கள்.

அப்படியானால் நல்லதாக இருந்தது எது? என் பதில் எளியது: இடம். அதைக் காசு செலவழித்து, திட்டமிட்டு உண்டாக்கினார்கள். சிகாகோவின் நகர முத்திரையில் 'தோட்டத்துக்குள் நகரம்' என்று பொருள்படும் லத்தீன் வாசகம் இருக்கிறது. 1905 வாக்கில் நகரத்தின் தெற்குப் பகுதியில், இறைச்சித் தொழிற்சாலைகளுக்கு அருகே நெருக்கியடித்து வாழ்ந்த புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காக வரிசையாகச் சிறு பூங்காக்களைத் திறந்தார்கள். நிலவடிவமைப்பாளர்களான ஓம்ஸ்டெட் சகோதரர்களும் கட்டடக் கலைஞர் டேனியல் பர்ன்ஹாமின் நிறுவனமும் வடிவமைத்தவை. ஒவ்வொன்றிலும் புல்வெளியோடு ஒரு கட்டடம், அதில் உடற்பயிற்சிக் கூடம், குளியலறை, கூட்ட அரங்கு. 1934இல் 22 தனித்தனிப் பூங்கா வாரியங்களை இணைத்துச் சிகாகோ பூங்கா மாவட்டம் உருவானது. நடந்துபோகும் தொலைவில், கட்டணமின்றி, முன்பின் அறியாதவர்கள் கூடி நிற்க ஓர் இடம் இருந்தது. அதுதான் உங்களையும் தபால்காரரையும் ஒன்று சேர்த்தது. புறநகரில் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் புல் இருக்கிறது. ஆனால் அங்கே ஆள் குறைந்தால் தெருவில் போகிறவரை யார் கூப்பிடுவது?

நான் சிகாகோவில் இந்தியக் கடைகள் நிறைந்த டெவன் அவென்யூவுக்குப் பருப்பும் புளியும் வாங்கப் போகும் வழியில், கெட்ஸி சாலை சந்திப்புக்கருகே தில்லன்ஸ் ஆடுகளம் இருக்கும். 1938இல் கட்டியது, இரவு விளக்குகளில் 16 அங்குலப் பந்து ஆட்டத்துக்குப் பெயர்போனது. மளிகைப் பையோடு வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுத் தாமதமாக வீட்டுக்குப் போன மாலைகள் எனக்கும் உண்டு. வேலிக்கு உள்ளே போய் ஆடும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தது. அதில் எனக்குச் சிறிது பொறாமை உண்டு.

அந்த ஆட்டம் செத்துவிடவில்லை. நகரத்தை ஒட்டிய ஃபாரஸ்ட் பார்க்கில் கையுறை இல்லாத ஆட்டத்துக்கென்றே கோடையில் போட்டி நடத்துகிறார்கள். 16 அங்குல சாஃப்ட்பால் வீரர்களுக்கான புகழ்க்கூடமும் அந்த ஊரில்தான். மைக் ராய்கோவின் பெயரும் அங்கே இருக்கிறது. மகனை ஒருமுறை அழைத்துப் போங்கள்.

அதைவிட முக்கியமாக ஒன்று செய்யலாம். ஒரு கிளிஞ்சர் பந்து வாங்குங்கள். மகனையும் அவன் நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு, காலியாகக் கிடப்பதாக எழுதியிருந்தீர்களே, அந்தப் பூங்காவுக்கே போங்கள். ஆறு பேர் போதும். வலது பக்கத்தை மூடுவது, பந்தெறிபவர் கைக்கு வந்தால் அவுட், கற்பனை ஆள் ஆகிய மூன்றையும் சொல்லிக்கொடுங்கள். அதற்கு மேல் சொல்லாதீர்கள். புதுப் பந்து விரலைப் பதம் பார்க்கும் என்பதால், பழசாகித் தளர்ந்த பந்து யாரிடமாவது கிடைத்தால் அதையே கொண்டுபோவது நல்லது. அந்தப் பேட்டைப் பிள்ளைகள் யாராவது வேலியோரம் வந்து நின்றால் அவர்களை அழைப்பது உங்கள் மகனின் வேலை. தகராறு வரும். அப்போது அவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படியுங்கள்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். உங்கள் மனைவியும் வந்து பார்த்தால் அவர் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்