கண்ணுக்குள்ள ஊசியா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க அம்மாவுக்கு 62 வயசு, ரொம்ப வருஷமா சுகர். இப்ப விழித்திரையில நீர் கோத்திருக்கு, கண்ணுக்குள்ளயே ஊசி போடணும்னு டாக்டர் சொல்லிட்டார். கேட்டதுலேர்ந்து அம்மா சரியா சாப்பிடல, தூங்கல. சொட்டு மருந்தோ மாத்திரையோ குடுத்து சரி பண்ண முடியாதா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அம்மா பயப்படுறது நியாயம்தாங்க. ஆனா சொட்டு மருந்து அந்த எடத்துக்குப் போய்ச் சேராது. கண்ணுல விடுற சொட்டுல பாதி கன்னத்துல வழிஞ்சிரும், மிச்சத்த கண்ணீர் அடிச்சிட்டு மூக்குப் பக்கம் போயிரும், அதையும் தாண்டி உள்ள போறது நூத்துக்கு அஞ்சு பங்கு கூட தேறாது, அதுவும் கண்ணோட முன்பக்கத்தோட நின்னுடும். விழித்திரை இருக்கறதோ பின்சுவர்ல. மாத்திரை போட்டா ரத்தத்துல கலக்கும், சரிதான், ஆனா விழித்திரை ரத்தக்குழாய்ங்க சுவர் அவ்ளோ இறுக்கம், பெரிய மூலக்கூறு எதையும் லேசுல விடாது. அதனாலதான் நேரா உள்ள போட வேண்டியிருக்கு.

எங்க குத்துறாங்கங்கறதுதான் விஷயமே. கருவிழி முடிஞ்சு வெள்ளை ஆரம்பிக்கிற விளிம்புலேர்ந்து 4 மில்லிமீட்டர் தள்ளி, கேட்டராக்ட் ஆபரேஷன் முடிச்சு லென்ஸ் வச்சவங்களுக்கு 3.5, காலிப்பர்ங்கற அளவெடுக்கற கருவி வச்சு அளந்து குறிப்பாங்க. கொஞ்சம் முன்னாடி போனா லென்ஸ்ல பட்டு புரை விழலாம், ரொம்பப் பின்னாடி போனா விழித்திரையே கிழியலாம், நடுவுல சில மில்லிமீட்டர் பட்டைதான் பத்திரமான எடம். அங்கேர்ந்து ஊசிய கண்ணோட மையத்தப் பாத்து விடுவாங்க, உள்ள நுங்கு மாதிரி கொழகொழன்னு இருக்கற ஜெல்லுல மருந்து எறங்கும். ஊசியோட தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர்தான். மருந்து பெரும்பாலும் 0.05 மில்லிலிட்டர்தான், ரொம்ப அதிகமா போட முடியாது, ஏன்னா கண்ணு மூடின பந்து, கூடுதலா எறங்குறது அழுத்தத்த ஏத்திடும். போட்ட உடனே டாக்டர் வெரல காட்டி எத்தனைனு கேப்பார், அழுத்தம் ஏறி பார்வை மங்குதானு பாக்கத்தான்.

மரத்துப்போற சொட்டு விட்டுட்டுதான் போடுவாங்க, லேசா ஒரு அழுத்தம் தெரியும், அவ்ளோதான்னு அம்மாகிட்ட சொல்லுங்க. வெள்ளைல சிவப்பா ரத்தத் திட்டு தெரிஞ்சா பயப்பட வேணாம், தானா கரைஞ்சிரும். ஆனா அடுத்த சில நாள்ல வலி ஏறிட்டே போறது, பார்வை கொறையறது, வெளிச்சம் கூசுறது இருந்தா உள்ள கிருமி போயிருக்கலாம், அது அபூர்வம்தான், இருந்தாலும் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

கேள்வி: எனக்கு மாசாமாசம் ஊசி போடுறாங்க, ஒரே தடவை நெறைய போட்டா என்ன? (வாசகர், திருச்சி)

பதில்: எடமில்ல சார், மேலே சொன்ன அதே காரணம். போட்ட மருந்தும் உள்ளயே தங்கறதில்ல, ஒரு வாரம் பத்து நாள்ல பாதி வெளியேறிடும். விட்ரெக்டமி பண்ணி ஜெல்ல எடுத்தவங்களுக்கு இன்னும் சீக்கிரம் போகும்னு சொல்வாங்க. மாசக்கணக்குல மெதுவா கரையற ஸ்டீராய்டு மருந்துத் துணுக்கும் இருக்கு, ஆனா அத உள்ள வைக்க தடிமனான ஊசி வேணும், சிலருக்கு கண் அழுத்தம் ஏறும், ஒங்க டாக்டர்கிட்டயே கேட்டுப் பாருங்க.

கேள்வி: எங்க பேத்தி குறைமாசத்துல பொறந்தா, அவளுக்கும் கண்ணுல ஊசி போடணுமாம். அந்தப் பிஞ்சுக் கண்ணு தாங்குமா? (பாட்டி, மதுரை)

பதில்: தாங்கும்மா. குறைமாசக் கொழந்தைங்க சிலருக்கு விழித்திரையில ரத்தக்குழாய் தப்பா வளரும், அதுக்குத்தான் இந்த ஊசி. ஆனா பெரியவங்க அளவு பிஞ்சுக் கண்ணுக்கு ஒத்து வராது. நான் சொன்ன அந்தப் பத்திரமான பட்டையே இன்னும் சரியா வளந்திருக்காது, கண்ணு அளவுக்கு லென்ஸும் பெருசா இருக்கும், அதனால விளிம்புலேர்ந்து 1, 1.5 மில்லிமீட்டர்லயே, லென்ஸ்ல படாம நேரா கண்ணோட பின்பக்கம் பாத்து எறக்குவாங்க. குறைமாசக் கொழந்தைங்கள பாத்துப் பழகின விழித்திரை டாக்டர்தான் பண்ணணும். ஊசிக்கப்புறம் கொழந்தை நல்லாத்தான் இருக்குன்னு செக்கப்ப விட்றாதீங்க, சில வாரம் கழிச்சு ரத்தக்குழாய் திரும்பவும் தப்பா வளர வாய்ப்பிருக்கு.