சீர்திருத்தத்துக்குப் பின் யார் வீட்டில் விளக்கெரியும்?

கேள்வி: மின்துறையைச் சீர்திருத்தினால் காலப்போக்கில் ஏழைகளின் வீடுகளுக்கும் மின்சாரம் வந்துவிடும் என்று சிலரும், கட்டணம் ஏறி அவர்கள் மேலும் நசுங்குவார்கள் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். எது உண்மை?

பதில்: இரு தரப்பாரும் கட்டணத்தையே பேசுகிறார்கள். மின்சாரமே எட்டாத வீட்டுக்கு முதல் தடை கட்டணமன்று, இணைப்பு. மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்கும் சிறுகச் சிறுகச் செலவழித்துக்கொண்டிருக்கும் குடும்பத்தால் மாதாமாதம் சிறிய மின்கட்டணம் கட்ட இயலும். கம்பத்திலிருந்து இழுக்கும் கம்பி, மீட்டர், வீட்டுக்குள் வயரிங் என்று ஒரே தடவையில் பெருந்தொகை கட்டத்தான் இயலாது.

1990களில் பல நாடுகளில் பரவிய சீர்திருத்தம், உற்பத்தியையும் விநியோகத்தையும் பிரித்து, ஒழுங்குமுறை ஆணையம் அமைத்து, நட்டத்தைக் குறைப்பதையே முதன்மையாகக் கருதியது. இணைப்பில்லாத வீடு அந்தக் கணக்கில் இடம்பெறவே இல்லை என்பதுதான் என் வருத்தம். சிலியைப் பாருங்கள். 1982இல் சட்டமியற்றி இத்துறையில் முன்னோடியான அந்த நாட்டில், பத்தாண்டுகள் கழிந்தபோதும் கிராமப்புற வீடுகளில் ஏறத்தாழப் பாதிக்கு மின்சாரம் இல்லை. 1994இல் கிராம மின்மயமாக்கலுக்கென்றே தனித் திட்டம் வகுத்து, கம்பி இழுக்கும் தொடக்கச் செலவுக்கு மட்டும் அரசு மானியம் தந்து, அன்றாடச் செலவைக் கட்டணத்திலிருந்து ஈடுகட்ட ஏற்பாடு செய்த பிறகுதான், 1999க்குள் மொத்தக் கிராமப்புற வீடுகளில் வெளிச்சம் பெற்றவை ஏறத்தாழ முக்கால் பங்காக உயர்ந்தன. ஆகவே, சீர்திருத்தம் தானாகக் கடைசி வீட்டை எட்டாது. எட்டியாக வேண்டும் என்ற கடமையையும் அதற்கான பணத்தையும் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால், குறிப்பிட்ட யூனிட் வரை இலவசமாகக் கொடுப்பது நல்லதுதானே?

பதில்: நல்லதுதான், ஆனால் மீட்டர் இருப்பவருக்கே அது கிடைக்கும். தென்னாப்பிரிக்கா 1994 முதல் 1999 வரை சுமார் 25 லட்சம் வீடுகளுக்கு இணைப்புத் தந்துவிட்டு, 2003இல்தான் ஏழை வீடுகளுக்கு மாதம் 50 யூனிட் இலவசம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அந்த வரிசை சரியானது. இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கைந்து குடித்தனங்கள் ஒரே மீட்டரில் வாழும் இடத்தில், எல்லோருடைய பயன்பாடும் ஒன்றாகக் கூடி உயர்ந்த கட்டண அடுக்குக்குப் போய்விடுவதால், மிகக் குறைவாகப் பயன்படுத்துபவரே அதிக விலை கொடுக்க நேர்கிறது. அவர்களுக்குத் தனித்தனி மீட்டர் தந்து, இணைப்புத் தொகையை மாதக் கட்டணத்தோடு சேர்த்துப் பல தவணைகளில் வசூலிக்க வேண்டும்.