கில்ஹர்ன் கோட்டை யாரால் பாழானது?

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தில் லாக் ஆ ஏரிக்கரையில் இருக்கும் கில்ஹர்ன் கோட்டையின் படத்தைப் பார்த்தேன். கூரையே இல்லாமல் நிற்கிறது. கேம்பல் குலத்தாரின் கோட்டை என்கிறார்கள். ஆங்கிலேயப் படை எந்தப் போரில் இதை அழித்தது? வரும் கோடையில் அந்தப் பக்கம் போகிறேன், அதனால் கேட்கிறேன்.

ரா.

அன்புள்ள ரா.,

எந்தப் போரிலும் அழியவில்லை. லண்டன் அரசின் படை இந்தக் கோட்டைக்குள் குடியிருந்த படை. கேம்பல்கள் பெரும்பாலும் அரசின் பக்கம் நின்றவர்கள். 1690களில் பிரெடால்பேன் பிரபு ஜான் கேம்பல் இங்கே 200 வீரர்கள் தங்கக்கூடிய பாசறையைக் கட்டினார். 1715, 1745 ஜாக்கோபைட் கிளர்ச்சிகளின்போது (அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தைத் திரும்பக் கொண்டுவர எழுந்தவை) அரசுப் படைகள் இங்கே இருந்தன. அப்புறம் கோட்டைக்கு வேலை இல்லாமல் போனது. பிரபுவின் குடும்பம் கிழக்கே பெர்த்ஷயரில் இருந்த மாளிகையோடு நின்றுவிட்டது. 1760 வாக்கில் விழுந்த இடியில் கட்டடம் சிதைந்தது. கோபுரத்தின் உச்சியில் இருந்த சிறுகோபுரம் ஒன்று முற்றத்தில் தலைகீழாக இன்றும் கிடக்கிறது. யாரும் சீர்செய்யவில்லை.

கட்டியவர், கிளெனோர்க்கி என்ற இந்தப் பள்ளத்தாக்கின் பெயரைக் கொண்ட கேம்பல் கிளையின் முதல் தலைவர் காலின், 1450 வாக்கில். ஐந்து மாடிக் கோபுரம். ஆனால் அதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கில் வேரூன்றியிருந்தவர்கள் மெக்ரெகர் குலத்தார். நிலம் கேம்பல்களின் கைக்குப் போனது. மெக்ரெகர்கள் அவர்களுக்குக் கீழே வாழ்ந்தார்கள், பிறகு துரத்தப்பட்டார்கள். 1603இல் கிளென் ஃப்ரூயின் என்ற பள்ளத்தாக்கில் மெக்ரெகர்கள் கோகூன் குலத்தாரைப் பெருமளவில் வெட்டிச் சாய்த்தார்கள். அது கொடுமைதான், மறைக்க வேண்டியதில்லை. அதற்கு ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் அரசர் கொடுத்த தண்டனை ஒரு குலத்துக்கே விழுந்தது: மெக்ரெகர் என்ற பெயரை வைத்துக்கொண்டாலே மரண தண்டனை. குலத்தலைவர் அலாஸ்டர் 1604இல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். கைக்குழந்தைக்கும் வேறு பெயர் வைக்க வேண்டிய நிலை. நடுவில் 1661இல் தடை விலகி, 1693இல் திரும்ப வந்து, 1774இல்தான் முழுசாக நீங்கியது. கோட்டை பாழானதைவிட இது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. கில்ஹர்னைப் பற்றிப் பேசும்போது கேம்பல்களோடு நிறுத்திவிடக் கூடாது என்பேன்.

சரி, போகிற விஷயம். டால்மலி ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் கோட்டையைச் சுற்றித் தண்ணீர்தான். 1817இல் ஏரியின் நீர்மட்டத்தைக் குறைத்தபின் கரையோடு சேர்ந்துவிட்டது. ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து நடந்தே போய்விடலாம். தரை சேறாக இருக்கும், நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே அனுமதி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.