கலிபோர்னியாவில் பெண் கைதிகள் காட்டுத்தீயை அணைக்கப் போகிறார்களாமே, அங்கே அவர்களுக்கு என்ன வேலை?

ஆம், போகிறார்கள், விருப்பப்பட்டு முன்வருபவர்கள் மட்டும். லாஸ் ஏஞ்சலிஸ் அருகே மாலிபு மலையிலுள்ள 13ஆம் எண் முகாம் இதற்குப் பெயர்பெற்றது. சிறையைவிடச் சாப்பாடு நன்றாக இருக்கும், தண்டனைக் காலமும் குறையும். பலரை இழுப்பது இவைதான்.

தண்ணீர் பாய்ச்சுவது இவர்களின் முதன்மைப் பணி அன்று. தீ வரும் வழியில் எரிவதற்கு ஒன்றுமே இல்லாமல் செய்ய வேண்டும். முன்னே செல்பவர் இயந்திர ரம்பத்தால் புதரை அறுப்பார். அடுத்தவர் அதை இழுத்து அப்பால் எறிவார். பின்னால் வரிசையாக வருபவர்கள் வேரும் சருகும் நீங்கி வெறும் மண் தெரியும்வரை கொத்திச் சுரண்டுவார்கள். செங்குத்தான சரிவில், முதுகுச் சுமையோடு, சில சமயம் 24 மணி நேரம் தொடர்ந்து.

இதற்கு நெடுங்காலம் கிடைத்த கூடுதல் கூலி மணிக்கு 1 டாலர்! 2025இல் வந்த சட்டம்தான், தீக்களத்தில் இருக்கும் நேரத்துக்கு அதை 7.25 டாலராக்கியது. மிகத் தாமதமான நியாயம் என்பேன். 2016இல் இதே மாலிபு முகாமைச் சேர்ந்த 22 வயதுப் பெண் ஒருவர் பாறை விழுந்து இறந்தார். அவர் விடுதலையாக இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

விடுதலையான பிறகு தீயணைப்பு வேலைக்குச் சேரப் பழைய குற்றப்பதிவு தடையாக இருந்தது. அதை நீக்கக் கோரி நீதிமன்றத்தை அணுக 2020ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது.