பூங்காவில் சாப்பாட்டுத் திருவிழா: திங்கட்கிழமை யாரைப் போய்க் கேட்பது?

மழை விட்டு மார்கழி பிறந்ததும் ஊர் ஊராகப் பந்தல் ஏறிவிடுகிறது. கோவை வ.உ.சி. பூங்கா மைதானம், சென்னைத் தீவுத்திடல், மதுரை தமுக்கம் என எங்காவது ஒரு சாப்பாட்டு விழா, கண்காட்சி, பொருட்காட்சி. கூடவே நமக்கு வரும் கடிதங்களும் கூடுகின்றன. இந்த வாரம் முழுக்க அவைதான். தெருமுனை வடைக்காரர் நாளைக்கும் அங்கேயே நிற்பார், சண்டை போடலாம். விழாக் கடை ஞாயிறு இரவோடு சரி. கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சிக்கலில்தான் வந்து நிற்கின்றன.

கேள்வி: "300 வகை உணவு, அளவில்லாமல் சாப்பிடலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆளுக்கு 799 ரூபாய் வீதம் நான்கு டிக்கெட் ஆன்லைனில் வாங்கினோம். மாலை 6 முதல் 10 மணி வரை என்று போட்டிருந்தது. ஏழரைக்குப் போனால் பாதி கவுன்டர்களைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். பிரியாணி வரிசையில் நின்று எங்கள் முறை வந்தபோது அடிச்சோறுதான் மிச்சம். பணத்தைக் கேட்டால், "திருப்பித் தரப்படாது என்று டிக்கெட்டிலேயே இருக்கிறதே" என்கிறார்கள். அவ்வளவுதானா? (கோவை வாசகர்)

பதில்: இல்லை. நீங்கள் போகாமல் இருந்தாலோ, பாதியில் கிளம்பி வந்தாலோ அந்த வரியைக் காட்டலாம். சொன்ன சாப்பாட்டைப் போடாதவர் அதைக் காட்ட முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. 300 என்று சொல்லிக் கூட்டம் சேர்த்தது தவறாக வழிநடத்தும் விளம்பரம். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

முதல் வேலை, விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. இன்றைக்கே எடுங்கள். விழா முடிந்த மறுவாரம் பல ஏற்பாட்டாளர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பழைய பதிவு இருக்காது. காலி கவுன்டரைப் படம் பிடித்து அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் நல்லது. அனுப்பிய நேரம் அதிலேயே நிற்கும், "பத்து மணிக்கு எடுத்த படம்" என்று அவர்கள் சொல்ல முடியாது.

அடுத்ததுதான் பலரும் சோர்ந்து போகும் இடம். யார் மேல் புகார்? டிக்கெட் தளம் "நாங்கள் இடையில் இருப்பவர்கள்தான்" என்று கைவிரிக்கும். டிக்கெட்டில் ஏதோ ஒரு "ஈவென்ட்ஸ்" பெயர் இருக்கும், முகவரி இருக்காது. இதற்கு இரண்டு வழி உண்டு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, வாங்கிய பிறகு நீங்கள் எழுதிக் கேட்டால் விற்றவரின் முகவரி உள்ளிட்ட விவரங்களைத் தளம் தர வேண்டும். தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. இரண்டாவது வழி மாநகராட்சி. மைதானம் அவர்களுடையது என்றால் வாடகைக்கு எடுத்தவரின் மனுவும் அனுமதிக் கடிதமும் அங்கே கோப்பில் இருக்கும். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போட்டுக் கேளுங்கள். தளம் மழுப்பினாலும் கோப்பு மழுப்பாது.

முகவரி கிடைத்ததும் பதினைந்து நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் என்று மிரட்ட வேண்டியதில்லை. ஒரே பக்கத்தில் வாங்கிய தேதி, தொகை, என்ன சொன்னார்கள், என்ன கிடைத்தது என்று எழுதினால் போதும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதியுங்கள் (வாட்ஸ்அப் 88000 01915). எனக்குத் தெரிந்த வரை, பெயர் கெடக் கூடாதென்று நினைக்கும் டிக்கெட் தளங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். சின்ன ஏற்பாட்டாளர்கள் அசையமாட்டார்கள்.

அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஏற்பாட்டாளர் எந்த ஊராக இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 3,196 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றினால் அன்று வரிசையில் நின்றவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே குறை உள்ள பலருக்காக, ஆணையத்தின் அனுமதியோடு ஒருவர் மனு போட சட்டத்தில் இடம் இருக்கிறது. டிக்கெட் பணம், செலவுத் தொகை, மன உளைச்சலுக்கு ஓர் அளவான தொகை என்று கேளுங்கள். பத்து லட்சம் கேட்டால் செய்திதான் வரும், பணம் வராது.

கேள்வி: உள்ளே எந்தக் கடையிலும் ரொக்கமோ ஜிபேயோ வாங்கவில்லை. வாசலில் ஒரு கார்டைக் கொடுத்து, குறைந்தது 500 ரூபாய் போட வைத்தார்கள். கிளம்பும்போது 135 ரூபாய் மிச்சம். பணம் திருப்பித் தரும் கவுன்டரை அதற்குள் மூடிவிட்டார்கள்.

பதில்: ஐட்டங்கள் 80, 130, 145 என்று இருக்கும், கார்டில் 500 போடச் சொல்வார்கள். கணக்கு பெரும்பாலும் சரியாக முடியாது. ஒருவரிடம் 135 ரூபாய், வந்தவர்களில் பாதிப் பேரிடம் இப்படி என்றால் ஏற்பாட்டாளருக்கு அது தனி வரவு. நீங்கள் கொடுத்தது வாங்காத பொருளுக்கான முன்பணம். விழா நடக்கும்போதே கவுன்டரை மூடிவிட்டு அதை வைத்துக்கொள்வது முறையற்ற வணிகம். கார்டின் இரு பக்கத்தையும் படம் எடுத்து, எண்ணைக் குறிப்பிட்டு, யுபிஐயில் அனுப்பச் சொல்லி எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915. அடுத்த முறை பணம் போடும் முன்பே மிச்சம் எத்தனை மணி வரை கிடைக்கும், கார்டுக்கான டெபாசிட் திரும்ப வருமா என்று கேளுங்கள். பதில் எழுதிய போர்டு இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையில் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே 20 ரூபாய் பாட்டில் 40 ரூபாய். கேட்டால் "ஈவென்ட் ரேட் சார்" என்கிறார்கள்.

பதில்: ஈவென்ட் ரேட் என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. பாட்டிலில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் சில்லறை வியாபாரி வாங்கக் கூடாது. ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு எம்.ஆர்.பி. அச்சிடுவதும் 2018 ஜனவரியிலிருந்து கூடாது. ஓட்டல்கள் கூடுதலாக வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சிலர் இங்கே எடுத்துப் போடுவார்கள். மேசை போட்டு, ஆள் வைத்துப் பரிமாறும் ஓட்டலுக்குச் சொன்னது அது. ஐஸ் பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டும் கடை அதில் வராது. எம்.ஆர்.பி. தெரிகிற மாதிரி பாட்டிலையும் 40 ரூபாய் போன யுபிஐ ரசீதையும் படம் எடுத்து, மாவட்டத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்கு அனுப்புங்கள். தமிழ்நாட்டில் இது அவர்கள் வேலை.

வெளித் தண்ணீருக்குத் தடை போட்டதைப் பொறுத்தவரை, சினிமா தியேட்டர்கள் வெளி உணவைத் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே சுத்தமான குடிநீரை இலவசமாக வைக்க வேண்டும், குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. அது தியேட்டருக்கான தீர்ப்புதான் என்றாலும், குடிநீர்க் குழாய்கூட வைக்காமல் பாட்டிலைப் பறிக்கும் ஏற்பாட்டாளரிடம் அதைச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

கேள்வி: எண்பது கடை இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறோம். எந்தக் கடையில் நம்பிச் சாப்பிடுவது?

பதில்: பெரிய போர்டையும் கலர் விளக்கையும் விடுங்கள். கடையில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் சிறு வியாபாரிக்கான பதிவு. தற்காலிகக் கடைக்கும் பதிவு வேண்டும், ஆண்டுக்கு 100 ரூபாய்தான். "ரெண்டு நாள் கடைக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்பவரிடம் ஏதாவது ஆகிவிட்டால் நாளைக்கு அவரைக் கண்டுபிடிக்க ஒரு பிடியும் இல்லை. போர்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண் உண்மையானதா என்பதை ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் பார்க்கலாம்.

எண் இருந்தால் மட்டும் சமையல் சுத்தமாகிவிடாது, அதனால் கல்லுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். கண்ணெதிரே கல்லில் வெந்து நேராகத் தட்டுக்கு வருவதுதான் கூட்ட நெரிசலில் பாதுகாப்பானது: தோசை, பரோட்டா. ஆபத்து அதில் இல்லை, பக்கத்து வாளியில் இருக்கிறது. மதியமே அரைத்த தேங்காய்ச் சட்னி மாலை வெயிலில் புளித்துப் பொங்கிக்கொண்டிருக்கும், விளிம்பில் சின்னச் சின்னக் குமிழி தெரியும். அங்கே பொடி கேளுங்கள்.

பிரியாணி என்றால் தம் உடைத்தது எப்போது என்று கேளுங்கள். சூடாக வைக்கும் உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பான சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி நஞ்சை விட்டுவைக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. "இப்போ சூடு பண்ணித் தர்றேங்க" என்பது அன்பான பேச்சுதான், ஆனால் வேண்டாம்.

ஜூஸ், சர்பத் கடையில் ஐஸைப் பாருங்கள். சாப்பிடக் கூடாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-இல் உத்தரவிட்டது. நீலச் சாயல் தெரிந்தால் அது மீன் பெட்டிக்கான ஐஸ். வெள்ளையாக இருப்பதாலேயே நல்ல ஐஸ் என்றும் ஆகிவிடாது. கோணிச் சாக்கில் கட்டி வந்து தரையில் உடைத்த பாளம் என்றால் நகர்ந்துவிடுங்கள். பஜ்ஜியை அச்சடித்த செய்தித்தாளில் வைத்துத் தருவதும் கூடாது.

பிள்ளைகள் இழுப்பது பஞ்சு மிட்டாய்க்கும் புகை பிஸ்கெட்டுக்கும். ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருப்பது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. பளிச்சென்ற ரோஸ் நிறம் கண்ணில் பட்டாலே வேண்டாம். புகை பிஸ்கெட்டில் வருவது மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜன். அது முழுக்க ஆவியாகும் முன் வாயில் போட்டால் உள்ளே புண்ணாகிவிடும். வேடிக்கைக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

அரசே நடத்தும் விழாக்களில் ஒரு வசதி உண்டு. 2024 டிசம்பரில் மெரினாவில் மகளிர் சுயஉதவிக் குழுக்களை வைத்து நடந்த உணவுத் திருவிழா மாதிரி என்றால், கடை எந்தக் குழுவுடையது, எந்த மாவட்டம் என்பது பதிவில் இருக்கும். கேட்க ஆள் இருக்கும்.

கேள்வி: விழாவுக்குப் போய்வந்த மறுநாள் காலை என் கணவருக்கும் மகளுக்கும் வாந்தி, பேதி. கடைசியாகச் சாப்பிட்ட ஐஸ்கிரீம்தான் காரணம். அந்தக் கடை மேல் எப்படி நடவடிக்கை எடுப்பது?

பதில்: முதலில் உடம்பு. ஓ.ஆர்.எஸ். கொடுத்து, மருத்துவரைப் பார்த்து, "உணவினால் ஏற்பட்டதாகத் தெரிகிறது" என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

ஆனால் ஐஸ்கிரீம்காரரைப் பிடிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் நஞ்சு என்றால் சில மணி நேரத்தில், பெரும்பாலும் அன்று இரவே, வாந்தி வந்துவிடும். சால்மொனெல்லா கிருமி ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரைகூட எடுத்துக்கொள்ளும். எனவே கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. அன்று இரண்டு பேரும் சாப்பிட்டு, நீங்கள் சாப்பிடாதது எது என்று யோசித்துப் பாருங்கள். மயோனைஸ் தடவிய எதையாவது சாப்பிட்டார்களா? பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது சும்மா இல்லை.

பட்டியலோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். விழா இன்னும் ஒரு நாள் பாக்கி என்றால் இன்றே. கடை இருக்கும்போதுதான் அலுவலர் மாதிரி எடுக்க முடியும். வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்தது ஏதாவது மிச்சம் இருந்தால் மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாதுகாப்பற்ற உணவால் உடல்நலம் கெட்டது உறுதியானால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆவது பிரிவில் இழப்பீடு உண்டு. சாதாரணப் பாதிப்புக்கு ஒரு லட்சம் வரை, கடுமையான பாதிப்புக்கு மூன்று லட்சம் வரை.

கேள்வி: கையால் எழுதிய பில்லில் "ஜி.எஸ்.டி. 5%" என்று சேர்த்தார்கள். கொடுக்க வேண்டுமா?

பதில்: பில்லில் 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா? தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். எண் இல்லாமல் வரி வாங்கக் கூடாது. விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டைத் தானே வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருக்கும் கடைக்கு எண் இருந்தாலும் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்க உரிமை இல்லை.

கேள்வி: மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு போக விடவில்லை. காசு கொடுத்து வாங்கியது என்னுடையதுதானே?

பதில்: தட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து வாங்கியதா, உங்களுடையது, தாராளமாகக் கொண்டு போகலாம். வீட்டிலிருந்தே ஒரு டப்பா எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பை 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடையில் இருக்கிறது. அளவில்லாச் சாப்பாட்டு டிக்கெட் என்றால் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதற்குத்தான் காசு கொடுத்தீர்கள். அதில் அவர்கள் பக்கம்தான் நியாயம்.